நகைத்தோர் நடுவே நடுங்கியவர்

தோழா!

சென்ற கிழமை நம் படிப்பகமொன்றில், தோழர்கள் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்த சிறு கூட்டத்திலே பேசியதை உனக்காக இங்கே எழுதித் தருகிறேன். 'வீரமும் தமிழரும்' என்று தலைப்புக் கொடுத்து அழைத்திருந்தார்கள். நான் போய்ப் பேசியதோ பயத்தைப் பற்றி! அழைத்தவர்களின் முகம் முதலில் சற்றுச் சுருங்கியது. முடிவிலே அவர்களே அருகில் வந்து, இதை ஏட்டில் எழுது என்றார்கள்.

எதிரியிடம் கொள்ளும் பயமல்ல நான் பேசியது. தடியடிக்கும் சிறைக்கும் அஞ்சும் பயமும் அல்ல. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாத, ஆனால் உடலைப் பிடித்து உலுக்குகிற பயம். மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் ஆளை விட்டு அகலாத பயம். மருத்துவ நூலார் பதற்ற நோய் என்று வகைப்படுத்தியிருக்கும் பயம். அந்த நோய் கண்டவர்களிலே பெரும்பாலோர் மருத்துவரிடம் போவதே இல்லை. ஏன் போவதில்லை? அதுதான் பொருள். கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவனுக்கு மருத்துவம் பேச என்ன தகுதி என்று கேட்கிறாயா? மருத்துவம் பேசவில்லை, தோழா. மருத்துவரின் வாயிற்படியைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்தப் படியை உயர்த்திக் கட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால், அதுபற்றிப் பேசும் தகுதி எனக்கு உண்டு.

என் நாடகமொன்றிலே ஒரு பண்ணையார் வருவார். நீயும் பார்த்திருக்கக் கூடும். உழவர்கள் முழக்கமிடும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்; "மூச்சு முட்டுகிறதே, கண் இருட்டுகிறதே" என்று அலறுவார்; வியர்வையைத் துடைப்பார்; வாயில் எங்கே, வாயில் எங்கே என்று தேடி ஓடுவார். கொட்டகை அதிரும்படி சிரிப்பார்கள். எந்த ஊரிலும் அந்தக் காட்சி தோற்றதில்லை. எழுதியவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பெருமையோடு திரைக்குப் பின்னால் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கொண்டிருப்பேன்.

நமக்கு ஒலிபெருக்கி அமைக்கும் அண்ணன் ஒருவர். பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். சொல்லலாம் என்று அவர் இசைந்தவற்றை மட்டும் சொல்கிறேன். ஐம்பது வயதை நெருங்கியவர். இருபதாண்டுக் காலம் நம் மேடைகளுக்குக் குரல் கொடுத்த கருவிகள் அவருடையவை. கூட்டம் முடிந்து, கம்பிகளைச் சுருட்டிக் கொண்டிருந்தவர் என்னை அழைத்தார்.

"தம்பி, அந்தப் பண்ணையார் செய்கிறாரே, அதையெல்லாம் நீ எங்கே பார்த்து எழுதினாய்?"

"எங்கேயும் பார்க்கவில்லை அண்ணே, கற்பனைதான்."

"கற்பனையா? அப்படியே இருக்கிறது. நான் நாள்தோறும் செய்வது அது. கூட்டம் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். சிரிக்காமலிருந்தால் தெரிந்துவிடும் பார்!"

கம்பியைச் சுருட்டுவதை அவர் நிறுத்தவில்லை. எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, நெரிசலான பேருந்தில் மாநாட்டுக்குப் போய்க் கொண்டிருந்தபோது தொடங்கியது அது. நெஞ்சு படபடத்தது, விரல் மரத்தது, மூச்சு நின்றுவிடும் போலிருந்தது, இதோ சாகப் போகிறோம் என்று எண்ணியிருக்கிறார். நடுவழியில் இறங்கி மருத்துவமனைக்கு ஓடினார். இதயத் துடிப்பைப் படமெடுத்துப் பார்த்தார்கள். "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ" என்றார்கள். இதயத்திலே ஒன்றுமில்லை என்பது முழு உண்மை. ஆனால், ஒன்றுமில்லை என்பது பாதிதான் உண்மை. ஏதோ ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைத் தீர்க்க வழி இருக்கிறது என்கிற மறுபாதியை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சொல்லாததால் பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன.

அதன் பிறகு அவர் பேருந்திலே ஏறவில்லை. தம் கருவிகளை ஏற்றிச் செல்லும் டெம்போவில், ஓட்டுநருக்கு அருகே, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மட்டுமே வெளியூர் போவார். அதுவும் பக்கத்து ஊர்களுக்கு. மாநில மாநாட்டுக்கு வரவில்லை. மாவட்டக் கூட்டத்துக்கு வரவில்லை. 'பழைய பற்று இல்லை அவரிடம்' என்று நாம் பேசிக்கொண்டோம். கிளைச் செயலாளர் பொறுப்பு அவரை நாடி வந்திருக்க வேண்டியது. கூட்டங்களுக்கு வராதவருக்குப் பொறுப்பு எதற்கு என்று வேறொருவருக்குத் தந்தோம். அந்த முடிவுக்குக் கை தூக்கியவர்களிலே நானும் ஒருவன்.

இவர் ஒருவர்தானா இப்படி? 2017-ஆம் ஆண்டு நிலையை ஆராய்ந்து மருத்துவ அறிஞர்கள் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் பதற்ற நோய் உள்ளவர்கள் 4 கோடியே 49 இலட்சம் பேர். 2015-16-ல், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு என்ன கண்டது? பதற்றம், சோர்வு போன்ற பொதுவான மனநோய்களால் வாடுவோர் நூறு பேரை எடுத்துக்கொண்டால், 85 பேர் சிகிச்சைக்கு வெளியே நிற்கிறார்கள்!

மருத்துவர் இல்லை, அதனால் போகவில்லை என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். மேடைக்கு ஏற்ற விடை அது. ஆட்சியைச் சாடவும் உதவும். இந்த நாட்டிலே இலட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்பது உண்மைதான். அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் 21 நாடுகளில் எடுத்த ஆய்வொன்று 2018-ல் வெளிவந்தது. அதைப் படித்தபோது என் விடை பாதி விடைதான் என்று தெரிந்தது. பதற்ற நோய் உள்ள நூறு பேரில், தமக்கு மருத்துவ உதவி தேவை என்று உணர்ந்தவர்களே 41 பேர்தான். ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றவர்கள் 28 பேருக்கும் குறைவு. போதுமான சிகிச்சை பெற்றவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. கவனித்தாயா, தோழா? நூற்றில் 59 பேர் மருத்துவமனை எங்கே இருக்கிறது, கட்டணம் எவ்வளவு, மருத்துவர் இருக்கிறாரா என்ற கேள்விகளுக்கே வரவில்லை. இது நோய் என்ற எண்ணமே அவர்களுக்கு எழவில்லை! என் சுபாவம் இப்படி, நான் கோழை, என் தலைவிதி என்று ஏதோ ஒரு பெயரிட்டு அதை மூடி வைத்துவிட்டார்கள். தேவை என்று உணர்ந்த பிறகும் போகாதவர்களிடம் காரணம் கேட்டால், உலகெங்கும் அதிகமாக வரும் விடை, 'நானே சமாளித்துக் கொள்ளலாம் என்றிருந்தேன்' என்பது.

நானே சமாளித்துக் கொள்வேன்! எவ்வளவு ஆண்மையான சொல்! இந்தச் சொல்லுக்கு எத்தனை முறை மேடையிலே கைதட்டல் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்!

இந்த நோய்க்கு இன்னொரு கொடுமை உண்டு. காலில் புண் வந்தவனை அந்தப் புண்ணே மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போகும். பதற்ற நோய் அப்படி இழுப்பதில்லை. போகாதே என்று தடுக்கும். எப்படி என்று கேள். ஆபத்து வந்தால் உடலைத் தயார் செய்ய, சிறுநீரகத்தின் மேலே அமர்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது; இதயம் விரைகிறது; மூச்சு விரைகிறது; தசைகள் இறுகுகின்றன. புலியைக் கண்டவனுக்கு இது துணை. புலியே இல்லாமல் இந்த எச்சரிக்கை மணி ஓயாது அடிப்பதுதான் நோய். மணி அடித்த இடம் பேருந்து என்றால், பேருந்தைத் தவிர்க்கிறான். தவிர்த்த உடனே நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் பொறி! தவிர்த்ததால் பிழைத்தோம் என்று உள்ளம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாக வருகிறது. பேருந்துக்குப் பிறகு சந்தை, சந்தைக்குப் பிறகு திருமண வீடு. அப்படிப்பட்டவனைப் பார்த்து, 'மருத்துவமனைக்குப் போ' என்கிறோம். அங்கே என்ன இருக்கிறது? நெரிசல், நீண்ட வரிசை, அடைத்த அறை, முன்பின் தெரியாதவரிடம் உள்ளத்தைத் திறக்க வேண்டிய கட்டாயம். எதற்கெல்லாம் அஞ்சுகிறானோ அவ்வளவும் ஒரே கட்டடத்தில்! நாளைக்குப் போகலாம் என்கிறான். உடனே நிம்மதி பெறுகிறான். அந்த 'நாளை' நீண்டுகொண்டே போகிறது. பல நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2007-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்: இறுதியில் மருத்துவரை நாடியவர்களேகூட, நோய் தொடங்கியதிலிருந்து அங்கே வந்து சேர, நாட்டுக்கு நாடு 3 ஆண்டிலிருந்து 30 ஆண்டு வரை ஆகியிருக்கிறது. நம் அண்ணனுடைய பதினோரு ஆண்டு அந்தக் கணக்கிலே நடுத்தரம்.

அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. சுவரொட்டியைப் பார்த்து 'நரம்புத் தளர்ச்சி' லேகியம் வாங்கித் தின்றார். விடுதி அறையில் முகாம் போடும் வைத்தியரிடம் பணத்தைக் கொட்டினார். ஆணுக்கு நரம்பு தளரலாம், மனம் தளரக்கூடாது என்பதல்லவா நம் ஊர்ச் சட்டம்! அண்ணியார் ஒரு நாள் அழைத்துப் போய்க் கயிறு மந்திரித்து வந்தார். அதைக் கையிலே கட்டவில்லை, தோழா, இடுப்பிலே கட்டிக்கொண்டார். கையிலே கட்டினால் நாம் பார்த்துவிடுவோமே!

இதைச் சொன்னபோது படிப்பகத்தில் சிலர் சிரிக்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்கள். கயிற்றிலே மருந்து இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கயிறு கட்டியவன் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, "என்னப்பா செய்கிறது உனக்கு?" என்று கேட்டிருக்கிறான். நாம் கேட்டோமா? 'பகுத்தறிவாளனுக்குப் பயம் வரலாமா' என்போம். பேய்க்குப் பயப்படாதவனுக்கு நோயும் வராது என்று நம்புவது எந்த வகைப் பகுத்தறிவு? நீரிழிவு வந்த தோழரிடம், 'கொள்கை உறுதி இருந்தால் சர்க்கரை ஏறுமா' என்று கேட்கிறோமா?

பெண்கள் நிலை வேறு. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. ஆனால் அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பட்டியல் போட்டு, அச்சத்தைப் பெண்ணின் முதல் அணியாகப் பூட்டிய நாடு இது. வாசலைத் தாண்டப் பயப்படுகிறாள் என்றால் அடக்கமானவள் என்று பாராட்டு; கூட்டத்தில் பேச நாவெழவில்லை என்றால் நல்ல வளர்ப்பு என்று பாராட்டு. பாராட்டப்படுகிற ஒன்றுக்கு மருந்து தேடுவார் யார்? ஆணின் அச்சம் அவமானம் என்பதால் மறைந்தது. பெண்ணின் அச்சம் அணிகலன் என்பதால் மறைந்தது.

அதையும் மீறி ஒருத்தி கண்டுகொண்டு, மருத்துவரிடம் போக வேண்டும் என்கிறாள் என்று வை. வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, 'வெளியே தெரிந்தால் யார் கட்டுவான்?' இதைச் சாதி பார்ப்பவர்கள் கேட்டால் வியப்பில்லை. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் சட்ட ஏற்பு வந்ததைப் பெருமையோடு பேசும் நம்மவர் வீட்டிலேயே, சாதகம் பார்க்காமல் பெண் எடுக்கும் வீட்டிலேயே, 'பெண் மனநல மருத்துவரிடம் போய் வந்தாளாமே' என்றதும் பேச்சு நின்று போனதை நான் அறிவேன். சாதகக் கட்டைத் தூக்கி எறிந்த கையிலே மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு குற்றம் பார்க்கிறோம்.

எங்கிருந்து வந்தது இந்த மிரட்சி? வரலாற்றிலே இடமிருக்கிறது. சென்னையில் 1794-ல் மனநோயாளர் விடுதி ஏற்பட்டது. 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1912-ல் வெள்ளையர் ஆட்சி இயற்றிய சட்டத்துக்குப் பெயரே பைத்தியச் சட்டம் என்ற பொருள்பட அமைந்தது. நீதிபதி ஆணையிட்டு உள்ளே அனுப்புவதும், காவலர் கொண்டு போய் விடுவதும் அந்தச் சட்டத்தின் வழி. மருத்துவமனைக்குப் போகும் வழியைச் சிறைக்குப் போகும் வழி போல அமைத்தார்கள். 1987-ல்தான் அதற்குப் பதில் வேறு சட்டம் இயற்றப்பட்டது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயிலிருந்து தப்பி ஓட முடியாமல் கருகினார்கள்; மாண்டவர்கள் 28 பேர். மனத்துக்குச் சிகிச்சை என்றால் சங்கிலி என்ற படம் மக்கள் கண்ணிலே பதிந்தது வியப்பா?

ஆனால் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் நாம். 'கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டிய ஆள்' என்று எதிர்க்கட்சிப் பேச்சாளரைச் சொல்லாத மேடை உண்டா? நான் சொல்லியிருக்கிறேன், பத்து முறையல்ல, நூறு முறை. எதிர்க்கட்சிக்காரருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவரும் மறுநாள் அதையே என்னைச் சொன்னார். எதிரே அமர்ந்திருந்தவர்களில் ஒருவன், நாளைக் காலை மருத்துவரிடம் போய்விடலாம் என்று எண்ணியிருந்தவன், அந்தக் கைதட்டலைக் கேட்டு எண்ணத்தை மாற்றிக்கொண்டிருப்பான். அந்த ஒலி போய்ச் சேர்ந்தது நம் அண்ணனின் ஒலிபெருக்கி வழியாகத்தான் என்பதை எண்ணும்போது, தோழா, எனக்கு வெட்கமாயிருக்கிறது. 1961-லிருந்து 1978 வரை அந்த மருத்துவமனைக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் சாரதா மேனன்; இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பட்டவர். அவரைப் போன்றவர்கள் உள்ளே பாடுபட்டுக்கொண்டிருக்க, வெளியே நாம் அந்த ஊர்ப் பெயரை வசைச் சொல்லாக்கினோம்.

இனி ஆட்சியாளர்களிடம் வருகிறேன். தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. மாவட்டந்தோறும் கொண்டு செல்லும் திட்டம் 1996-ல் தொடங்கியது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு நடத்தும் அல்லது நிதி தரும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது அது. நோயாளியைப் பற்றிய செய்தியை வெளியிடக் கூடாது என்கிறது. உடல்நோய்க்குத் தரும் காப்பீட்டை மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. எழுத்தில் குறையில்லை. நாற்பது மைல் போய், ஒரு நாள் கூலியை இழந்து, மூன்று நிமிடம் பார்த்து அனுப்பப்படும் ஒருவனுக்கு அந்த எழுத்து என்ன செய்யும்? இந்த நோய்க்கு முதன்மையான மருந்துகளிலே ஒன்று பேச்சு. எண்ணத்தையும் பழக்கத்தையும் சிறுகச் சிறுகச் சீராக்கி, அஞ்சும் இடத்துக்கே படிப்படியாக அழைத்துப் போகும் முறை. அதற்குப் பயிற்சி பெற்ற உளவியலார் வேண்டும்; வாரந்தோறும் நேரம் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது கிடைக்க வேண்டும் என்பது நம் அடுத்த கோரிக்கை மனுவிலே இடம்பெற வேண்டும். சாலைக்கும் குடிநீருக்கும் கீழே ஒரு வரியாக அல்ல, அவற்றோடு சேர்த்து.

மருந்தைப் பற்றியும் ஒரு பயம் உலவுகிறது: தின்றால் அடிமையாகிவிடுவோம், மூளை மழுங்கும் என்று. இன்று மருத்துவர்கள் முதலில் தரும் மாத்திரைகள் போதைப் பழக்கம் உண்டாக்குபவை அல்ல. பலன் தெரியச் சில வாரம் ஆகும். நிறுத்துவதையும் மருத்துவர் சொல்படி செய்ய வேண்டும். உடனே தணித்துத் தூங்க வைக்கும் வகை வேறு. அதை நெடுநாள் தின்றால்தான் பழகிப் போகும். வேடிக்கையைப் பார்! மருத்துவரிடம் போனால் அடிமையாவோம் என்று அஞ்சுகிறவன், சீட்டில்லாமல் மருந்துக் கடையிலே அந்த இரண்டாம் வகையைக் கேட்டு வாங்குகிறான்.

வரிசையிலே நிற்க முடியாதவர்களுக்கு, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி வழி இருக்கிறது. எண் 14416. கட்டணமில்லை, பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. நம் படிப்பகச் சுவரிலே தலைவர்கள் படத்துக்குக் கீழே அந்த எண்ணை எழுதச் சொன்னேன், எழுதிவிட்டார்கள். உன் ஊர்ச் சுவரிலும் இடமிருக்கும்.

நாடகத்தில் அந்தக் காட்சியை மாற்றிவிட்டேன். பண்ணையார் இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்வதில்லை. கணக்குப் புத்தகத்தை ஒளித்து வைக்க இடம் தேடி ஓடுகிறார். முதல் நாள் சிரிப்புக் குறைவுதான். நடிகர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். பார்க்கலாம்.

அண்ணன் மருத்துவரிடம் போக ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் டெம்போவில் ஏதோ கோளாறு என்றார்; டெம்போ நன்றாகத்தான் இருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை மூன்றாவது முறை. விடியற்காலையில் நான் அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். கருவிகளை இறக்கி வைத்துவிட்டு, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அந்த டெம்போவிலேயே போகிறோம். புறநோயாளர் சீட்டுக்கு வரிசையில் நான் நிற்பேன். அவர் வெளியே மரத்தடியில் இருப்பார். முறை வந்ததும் கூப்பிடுவேன். அன்று மாலைக் கூட்டத்தை ஏற்பாடு செய்திருக்கும் தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் வரத் தாமதமாகும். ஒலிபெருக்கிக்கும் வேறு ஆளைச் சொல்லி வையுங்கள்.